எழுத்துப் பக்கம் கீழே

ஃபேக்ஸ் அனுப்புவது பெரிய வித்தையில்லை. ஆனாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத் தப்பாகத்தான் செய்வார்கள். முதலில் கடுதாசியில் குத்தியிருக்கும் பின்னைக் கழற்ற வேண்டும். மடிப்பு இருந்தால் மேசை விளிம்பில் வைத்து நீவிவிட வேண்டும். பென்சில் எழுத்து போகாது, நீல மை பாதிதான் போகும், கறுப்பு மை முழுதாகப் போகும். முகப்புத் தாளில் மொத்தம் எத்தனை பக்கம் என்று எழுதினால்தான், ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியவரும். பிறகு எழுத்துப் பக்கம் கீழே பார்க்கும்படி தாளை வைக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். எழுத்து மேலே பார்த்தால் கொழும்புக்கு வெள்ளைத் தாள் போய்ச் சேரும். அப்போதும் மெசின் 'ஓகே' என்று ரிப்போட் அடித்துத் தரும். தாள் போனால் அதற்குப் போதும். தாளில் என்ன இருக்கிறது என்பது அதன் வேலையில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நான் வாயால் சொன்னதைக் கொன்ஸ்டபிள் ஃபாஸில் சிங்களத்தில் எழுதியபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனிதர். ஆனால் முதலில் நடந்ததைப் பின்னால் எழுதினார், பின்னால் நடந்ததை மேலே அம்புக்குறி போட்டு எழுதினார், இரண்டு இடத்தில் நேரத்தை விட்டுவிட்டார். அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்கள் தாள் கொடுத்தீர்கள், கறுப்புப் பேனாவும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி.

என் பெயர் சின்னத்தம்பி சுமன். வயது முப்பத்தொன்பது. ஊசிமலைத் தோட்டத்து ஆபிஸில் பதினாறு வருடமாகக் கிளாக்கர். அப்பா அதே தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மஸ்கெலியாப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்து, ஆபிஸ் நாற்காலிக்கு வந்தேன். பரீட்சையில் கடிதம் எழுதும் கேள்விக்கு எனக்கு ஒரு புள்ளிகூடக் குறைந்ததில்லை. விலாசம், திகதி, விடயம், சொல்ல வந்தது, வேண்டுகோள், முடிவு. இந்த ஒழுங்கில் எழுதினால் எந்த ஆபிஸும் பதில் போட்டே ஆக வேண்டும் என்று அப்போது நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

இந்தக் காலத்திலும் ஃபேக்ஸா என்று நீங்கள் சிரித்தீர்கள். எங்கள் பக்கம் மழை தொடங்கினால் இன்டர்நெட் போய்விடும், டெலிபோன் லைன் போகாது. சீலும் கையெழுத்தும் உள்ள தாளைத்தான் கம்பனித் தலைமை ஆபிஸ் பைலில் போடும் என்று எனக்கு முன்பிருந்த பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டுப் போனார். அந்த மெசினை என்னைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ரேடியோச் செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்தை வைத்து அதன் மணியைச் சரி பார்ப்பேன். போகிற ஒவ்வொரு தாளின் தலையிலும் திகதியையும் மணியையும் மெசினே அச்சடித்து அனுப்பும். அது பிழையாகப் போனால் கடுதாசி முழுக்கப் பிழையானது மாதிரி எனக்குத் தோன்றும்.

இனி குளவிக் கூடு.

ஏழாம் நம்பர் மலையில், மேல் ரோட்டு வளைவுக்குக் கீழே ஒரு டர்பன்டைன் மரம் நிற்கிறது. சரிவு என்பதால், ரோட்டில் நின்றால் மரத்தின் நடுக்கிளை நம் கண்ணுக்கு நேராக இருக்கும். அந்தக் கிளையில் தை மாதம் கூடு கட்டத் தொடங்கியது. மாசியில் தேங்காய் அளவு, சித்திரையில் சாக்கு மூட்டை அளவு. அதற்கு நேர் கீழே பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். மாசியில் ஒரு பெண்ணுக்குக் கொட்டி, முகம் வீங்கி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தோட்டத்து ஆட்கள் கூட்டில் கை வைக்கக் கூடாது, மரத்தையும் வெட்டக் கூடாது, அதற்கான உடுப்புப் போட்ட ஆட்களைக் கம்பனிதான் அனுப்பும் என்பது சட்டம். தோட்டத்து மனேஜரான துரையிடம் கேட்டேன். எழுதிப் போடுங்கள் சுமன் என்றார்.

எழுதினேன். ஒன்பது கடுதாசி.

முதலாவதை ஒரு பக்கத்தில் முடித்தேன். இரண்டாவதில் முதலாவதன் இலக்கத்தைக் குறிப்பிட்டேன். மூன்றாவதில் மரத்தையும் கூட்டையும் கீழே நிற்கும் பெண்களையும் கறுப்பு மையில் படமாகக் கீறி, தூரங்களை அடிக் கணக்கில் போட்டேன். ஐந்தாவதில் போட்டோ வைத்தேன். போட்டோ ஃபேக்ஸில் கறுப்புச் சதுரமாகத்தான் போகும் என்று பிறகுதான் புரிந்தது, அதனால் ஆறாவதில் அந்தப் போட்டோவில் என்ன இருந்தது என்பதை வார்த்தையில் எழுதினேன். ஒன்பதாவதில் முந்திய எட்டையும் இணைத்தேன். முகப்போடு இருபத்தாறு பக்கம். தாள் சிக்காமல் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். ஒன்பதுக்கும் 'ஓகே' ரிப்போட் இருக்கிறது. கடுதாசியின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். பைலை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

பதில் வரவில்லை. ஆறு மாதம் எங்கள் மெசினுக்கு உள்ளே வந்த தாள் என்று ஒன்றுகூட இல்லை.

நாகலெட்சுமி அக்காவை இங்கே சொல்ல வேண்டும். ஏழாம் மலையில் கொழுந்து எடுத்தவர். வயது நாற்பத்தாறு. மூன்றாம் லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா. தோட்டத்தில் எல்லாரும் என்னைக் கிளாக்கரையா என்பார்கள், அவர் மட்டும் தம்பி என்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர்.

பெண்களுக்காக ஆபிஸ் ஜன்னலுக்கு வந்து பேசுவது அவர்தான். கடுதாசி என்ன ஆனது என்று கேட்பார். அனுப்பியாச்சு, ஓகே வந்திருக்கு என்று ரிப்போட்டைக் காட்டுவேன். பங்குனியில் ஒருநாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏந்தம்பி, ஓங் கடுதாசி நெசமாவே கொழும்புக்குப் போவுதா, இல்ல அந்தப் பொட்டியே தின்னுபுடுதா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அது மலைக்கே பரவியது. கொழுந்தை எடை போட்டு வாங்கும் பிரிட்டாப்பில் நான் போய் நின்றால், பொட்டிக்குத் தீனி போடுறவரு வந்துட்டாருடி என்று யாராவது முணுமுணுப்பார்கள். அக்கா அந்தப் பகிடியை என் முகத்துக்கு நேராகச் சொன்னது நான்கு தரம். பங்குனியில் ஒன்று, சித்திரையில் இரண்டு, ஆனியில் ஒன்று. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் கேட்டதால் கணக்கைச் சொல்கிறேன்.

ஆனியில் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண் குளவி கொட்டி இறந்துபோனாள். பேப்பரில் வந்தது. அன்று மாலையே உடுப்புப் போட்ட ஆட்கள் போய்க் கூட்டை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை வெட்டி வைத்து, என் ஒன்பது கடுதாசியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கடுதாசிகளில் எல்லாம் இருந்தது. 'அபாயம்' இருந்தது, 'அவசரம்' இருந்தது, 'தயவுகூர்ந்து' இருந்தது. ஒரு சொல்தான் இல்லை. 'இறந்தார்' என்ற சொல்.

ஒரு கிளாக்கர் இதை எப்படிப் பார்ப்பான் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அதில் யாருடைய தப்பும் இல்லை. கட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ஆடி மாதம். புதன்கிழமை, வேலை விட்டு வரும் வழியில், அக்கா ஜன்னலுக்கு வந்தார். கூடப் பதினொரு பெண்கள்.

"தம்பி, இனிமே நீ கஷ்டப்பட்டு எழுத வேணாம்யா. வட்டவளையில எங்க சித்தப்பா மவன் சின்னராசா இருக்கான்ல, அவன் சனிக்கெழம அந்தியில வந்து பந்தம் கட்டி எரிச்சிர்றேன்னுட்டான். ஒம் பொட்டிக்கும் பாவம், வாயி வலிக்கும்."

ஐந்தாவது தரம் என்று இதைச் சேர்ப்பதா என்று யோசித்தேன். பொட்டி என்றுதான் சொன்னார், ஆனால் தின்னுது என்று சொல்லவில்லை. அதனால் சேர்க்கவில்லை.

அனுமதியில்லாமல் மரத்தில் தீ வைப்பது சட்டப்படி குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் திரும்பி, துரைக்குத் தெரியாமப் பார்த்துக்க தம்பி என்றார். சரி என்றேன்.

வியாழக்கிழமை பத்தாவது கடுதாசியை எழுதினேன்.

நான் எழுதியதில் அதுதான் சிறந்தது. ஒன்றரைப் பக்கம். இங்கிலீஷில்தான் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன்: 'ஒன்பது தடவை எழுத்து மூலம் அறிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படாத நிலையில், இன்று முற்பகல் பத்து மணியளவில், ஏழாம் இலக்க மலையில் வேலை செய்துகொண்டிருந்த கீழ்க்காணும் பதினெட்டுத் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு உள்ளாகினர் என்பதையும், அவர்களில் ........ என்பவர் உயிரிழந்தார் என்பதையும் ஆழ்ந்த கவலையுடன் அறியத்தருகிறேன்.' பெயருக்கான இடத்தில் புள்ளிகள் போட்டிருந்தேன். யாருடைய பெயரையும் மனதில் வைக்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்துப் பார்த்தபோது, அதில் உண்மையில்லாத வரி ஒன்று இருக்கிறதே என்று உறுத்தியது. பதினாறு வருடத்தில் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி நான் அனுப்பியதில்லை. கிழித்துப் போட வேண்டும், இல்லையென்றால் உண்மையாக்க வேண்டும். கிழிக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வழக்கம்போலப் பெரட்டு நடந்தது. பெரட்டுக்களத்தில் பழனியாண்டி கங்காணி பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிட்டார். ஏழாம் மலைக்குப் பதினெட்டுப் பேர். முந்திய நாளும் பதினெட்டுத்தான், அதனால் கடுதாசியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெரட்டுத் துண்டு ஏழரைக்கு ஆபிஸுக்கு வந்தது. பதினெட்டுப் பெயர்களையும் அந்த ஒழுங்கிலேயே கடுதாசியின் கீழே டைப் செய்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பூச்சிமருந்து ஸ்டோரில் கையிருப்புப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஸ்டோர் ஏழாம் மலையின் அடியில் இருக்கிறது. தகரக் கொட்டகை, சாவி என் கையில். அதைத் திறந்து, கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கல்லை வைத்துவிட்டு, குறுக்குப் பாதையால் மேல் ரோட்டுக்கு ஏறினேன். முகத்தில் உரச்சாக்கைப் போட்டுக் கண்ணுக்கு ஓட்டை வைத்துக்கொண்டேன்.

கீழே அவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ யாருடைய புருஷனைப் பற்றியோ சொல்ல, வரிசை முழுதும் சிரித்தது. எனக்கு நாலு கல் தேவைப்பட்டது. முதல் மூன்றும் படவில்லை. நான்காவது கூட்டின் அடிப்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. மணி சரியாகப் பத்து.

சத்தம் முதலில் வந்தது. லொறி மேடேறுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு அது கீழே இறங்கியது. முதல் பெண் தலையில் ஒரு தரம் அடித்துக்கொண்டாள், ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டவள் மாதிரி. பிறகு எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். கூடைக் கயிறு நெற்றியில் இருப்பதால் சட்டென்று ஓட முடியாது. கயிறு கழுத்துக்கு இறங்கி ஒருத்தியைப் பின்னால் இழுத்து விழுத்தியது. கூடைகள் உருண்டு கொழுந்து கொட்டியது. தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தவர்களுடைய கை மட்டும் வெளியே தெரிந்தது, காற்றில் அறைந்துகொண்டிருந்தது. வாய் திறந்து கத்தியவளுக்கு வாய்க்குள்ளேயே கொட்டியது. அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. தலைமயிருக்குள் போனதை எடுக்க ஒருத்தி மயிரைப் பிடுங்கினாள், கொத்தாகக் கையோடு வந்தது. நிறையத்தான் கொட்டின. இவ்வளவு இருக்கும் என்று நான் ஒன்பது கடுதாசியிலும் எழுதியிருந்தேன். கொழும்பில் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். நான் மிகைப்படுத்தவில்லை என்பது அன்று தெளிவானது.

நடுவில் ஒரு குரல் மட்டும் ஒழுங்காக இருந்தது. நாகலெட்சுமி அக்காவின் குரல். படங்கைப் போர்த்துங்கடி, பீலித் தண்ணிப் பக்கம் ஓடுங்கடி என்று விரட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த தன் படங்குச் சீலையை அவிழ்த்து இரண்டு சின்னப் பெண்களின் மேல் போட்டு, அவர்களைக் குனியவைத்துத் தள்ளினார்.

நான் குறுக்குப் பாதையால் ஸ்டோருக்கு இறங்கி, கல்லை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். கழுத்தில் ஒன்று மட்டும் கொட்டியிருந்தது. ஏழு நிமிடம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. உள்ள யாரு, தெறங்க என்ற குரல். திறந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், நான் திறந்தேன்.

அக்கா உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார், எனக்குக் கொட்டிவிடும் என்று. ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு தடித்திருந்தது. தலைக்குள்ளிருந்து ஒரு குளவியை எடுத்துத் தரையில் போட்டு மிதித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எங்கடா தம்பி இங்க? ஒன்னயும் கொட்டிருச்சா? எங்க, காட்டு."

சேலைத் தலைப்பால் என் கழுத்தைத் துடைத்தார். முள்ளு நிக்குதா என்று தடவிப் பார்த்தார். மற்றவர்கள் எப்படி என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது.

"எல்லாத்தையும் பீலிக்குத் தொரத்திட்டேன். தண்ணிக்குள்ள குந்தியிருக்காளுக. ஒருத்தியும் சாகல தம்பி. எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன். மாரியாத்தா காப்பாத்திட்டா." தகரத்தில் இருந்த ஓட்டையால் வெளியே பார்க்கக் குனிந்துகொண்டே இன்னும் ஒன்று சொன்னார். "இனி ஒங் கடுதாசிக்கு ஆள் வரும் பாரு. பொட்டி தின்னாலும் இத மெல்ல முடியாது."

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். உதடு வீங்கியிருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஒருத்தியும் சாகவில்லை. ஆபிஸ் மேசையில் கடுதாசி இருந்தது. அதில் புள்ளிகள் இருந்தன.

கதவுக்கு வைக்கும் கல் என் காலடியில் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கும் பாரம். முதல் அடி பின்மண்டையில். அவர் தம்பி என்றார், மேலிருந்து ஏதோ விழுந்துவிட்டது, பார் என்பது மாதிரி. இரண்டாவது அடிக்கு முழங்காலில் உட்கார்ந்தார். மூன்றாவதுக்குச் சரிந்தார். கை மட்டும் தரையில் எதையோ தேடியது. நான்காவதுக்குப் பிறகு அதுவும் நின்றது. மொத்தம் நான்கு. டாக்டர் மூன்று என்று எழுதியிருக்கிறார், அது பிழை.

குளவிச் சத்தம் குறையும்வரை ஆறு நிமிடம் நின்றேன். பிறகு அவரை வெளியே இழுத்து, ஸ்டோர்ப் படிக்குக் கீழே தண்ணீர் ஓடும் கானோரத்தில், முகம் கீழே பார்க்கும்படி வைத்தேன். கல்லைக் கானில் கழுவி அவருடைய நெற்றிக்கு அடியில் வைத்தேன். ஓடிவந்து விழுந்த ஆள் எப்படிக் கிடப்பாரோ அப்படி. ஸ்டோர்த் தரையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். அங்கே மருந்து நெடி எப்போதும் இருக்கும்.

ஆபிஸில் யாருமில்லை. லொறி பிடிக்கவும் ஆட்களைத் தூக்கவும் எல்லாரும் ஓடியிருந்தார்கள். துரை தேயிலைப் பெக்டரியில் இருந்தார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஈரக் கையோடு தொட்டால் தாள் மெசினில் சிக்கும். அதனால் துடைத்து, காயும்வரை பொறுத்தேன். பிறகு புள்ளிகளின் மேல் கறுப்பு மையால் அவருடைய பெயரை எழுதினேன். கையெழுத்து, சீல். எழுத்துப் பக்கம் கீழே. பத்து முப்பத்தொன்றுக்கு முதல் பக்கம் உள்ளே போனது. ஓகே வந்தது.

பத்து நாற்பத்தொன்பதுக்கு மெசின் மணியடித்தது.

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். தாள் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தபோது அதை இழுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களை உடனே அனுப்புகிறோம், பாதிக்கப்பட்டவர்களின் விபரத்தை உறுதிப்படுத்தவும் என்று எழுதியிருந்தது. பதினெட்டு நிமிடத்தில் பதில். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கியது. ஜன்னலுக்கு யாராவது வந்திருந்தால் அந்தத் தாளைக் காட்டியிருப்பேன். அக்காவுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பத்து ஐம்பத்தைந்துக்குத்தான் பழனியாண்டி கங்காணி கானோரத்தில் அக்காவைக் கண்டு கத்தினார். அந்தச் சத்தம் ஆபிஸ்வரை கேட்டது. மற்றவர்களில் மோசமாகக் கொட்டுப்பட்ட பதினொரு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தரும் இறக்கவில்லை. மாலைக்குள் உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து கூட்டை எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், நீங்களும் வந்தீர்கள். ஆபிஸ் வாசலில் பெண்களை நிற்கவைத்து, என் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். என் பட்டியலை ஒருவர் சத்தமாக வாசிப்பதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பதினான்காவது பெயர் வினோதா. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னயக் குளவி கொட்டலீங்களே. யாருங்க அப்பிடி எழுதுனது? நான் புள்ளக்காம்பராவுல பால் குடுத்துக்கிட்டிருந்தேனுங்க."

கைக்குழந்தை உள்ள பெண்கள் ஒன்பதே முக்காலுக்கு மலையிலிருந்து இறங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு, பத்தரைக்குத்தான் திரும்புவார்கள். பெரட்டுத் துண்டில் அது வராது. அதில் பெயர் மலையோடுதான் இருக்கும். மலையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். என் அம்மாவும் அப்படி இறங்கி வந்துதான் எனக்குப் பால் கொடுத்திருப்பார். பதினாறு வருடம் பெரட்டுத் துண்டை மட்டும் பார்த்ததில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அந்த இடத்தில்தான் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். பட்டியல் குளவி கொட்டுவதற்கு முன்னால் எழுதப்பட்டது என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. பிறகு கடுதாசியின் தலையைப் பார்த்தீர்கள். பத்து முப்பத்தொன்று. அக்காவைக் கங்காணி கண்டது பத்து ஐம்பத்தைந்து. இருபத்துநான்கு நிமிடத்துக்கு முன்னாலேயே அவர் இறந்த செய்தி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். உன் மெசினின் மணி பிழையா என்றும் கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கொஞ்ச நாள் தப்பியிருக்கலாம். துரைகூட அப்படிச் சொல்லச் சொல்லிக் கண்ணால் காட்டினார். ஆனால் அது சரியான மணி, ஐயா. முந்திய நாள் திங்கட்கிழமைதான் ரேடியோவோடு வைத்துப் பார்த்திருந்தேன். அதைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று நீங்கள் இன்னொரு விடயமும் சொன்னீர்கள். தலைமை ஆபிஸ் கீழ்மாடிக்கு மாறிவிட்டதாம். பழைய ஃபேக்ஸ் மெசின் மேல்மாடியில், யாரும் இல்லாத அறையில், லைன் கழற்றாமல் கிடந்ததாம். என் கடுதாசிகள் பத்தும் அதன் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தனவாம். சனிக்கிழமை யாரோ தேடிப்போய் எடுத்தார்களாம். வெள்ளிக்கிழமை எனக்கு வந்த பதில் வேறு இலக்கத்திலிருந்து, துரை பெக்டரியிலிருந்து பத்தேகாலுக்கு டெலிபோனில் பேசியதைக் கேட்டு வந்ததாம். பதிலில் 'தங்கள் தொலைபேசி அழைப்புத் தொடர்பாக' என்று இருப்பதைக் காட்டினீர்கள். அது ஆபிஸ்களில் வழக்கமாகப் போடும் முதல் வரி. அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கடுதாசியில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். பதினான்காவது பெயரை நீக்கி, பதினெட்டு என்பதைப் பதினேழு என்று மாற்ற வேண்டும். மற்றபடி அதில் உள்ளது எல்லாம் உண்மை.

கடைசியாக நீங்கள் கேட்டதற்குப் பதில். சனிக்கிழமைவரை பொறுத்திருக்கலாமே, அந்தப் பெண்ணே ஆள் பிடித்துவிட்டாளே என்று கேட்டீர்கள். நீங்கள் அதைக் கேட்பதற்குச் சற்று முன்னால் என் பத்துக் கடுதாசியையும் மேசையில் திகதிப்படி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். மூன்றாவதில் நான் கீறிய படத்தின் மேல் விரலை வைத்து, மரத்திலிருந்து பெண்கள்வரை தூரத்தைப் பார்த்தீர்கள். ஐந்தாவதில் இருந்த கறுப்புச் சதுரம் என்ன என்று ஃபாஸிலிடம் கேட்டுவிட்டு, ஆறாவதை எடுத்து விளக்கத்தைப் படித்தீர்கள். ஒன்பதாவதன் பக்கங்களை எண்ணினீர்கள். இருபத்தாறும் இருந்தன. நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சின்னராசா வந்திருந்தால் கூடு போயிருக்கும். திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போயிருப்பார். அதெல்லாம் சரிதான், ஐயா. ஆனால் அந்தக் கடுதாசிகளை யார் படித்திருப்பார்கள்?